கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

ஒரு சிற்பத்தைக் காண்பதற்குக் கண் போதும். அதன் பொருளை உணர்வதற்குக் கல்வி வேண்டும். இவ்வுண்மையை உலகினர்க்கு எடுத்துரைப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

இவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி, புகழ் வாய்ந்த ஈழத்துத் தமிழர். தாயார் எலிசபெத், ஆங்கில மாது. இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்த ஆனந்தர், தாயின் அரவணைப்பில் இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலநூலும் தாவரநூலும் பயின்று பட்டம் பெற்றார்.

1903ஆம் ஆண்டில் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத்துறைக்குத் தலைவராக அமர்ந்தார். தோரியனைட் என்னும் அரிய கனிப்பொருளைக் கண்டறிந்தவர் இவரே. கற்களை ஆராய ஊர்தோறும் சென்ற அவர், கண்டி நாட்டுக் கைவினைஞரின் நிலையைக் கண்டு மனம் வருந்தினார். தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தொழில், பிறநாட்டு இயந்திரப் பொருள்களின் வரவால் நலிந்துகொண்டிருந்தது. அத்தொழிலாளரின் வேலைத்திறனையும் வாழ்க்கை முறையையும் நுணுகி ஆராய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். நிலநூல் அறிஞர் கலைநூல் அறிஞரானார்.

அக்காலத்து ஐரோப்பியத் திறனாய்வாளர் பலர், கிரேக்கச் சிற்பத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்தனர். பல கைகளையுடைய திருவுருவங்களை இயற்கைக்கு மாறானவை என்று ஒதுக்கினர். 1910ஆம் ஆண்டில் லண்டனில் நிகழ்ந்த கூட்டம் ஒன்றில், சர் ஜார்ஜ் பேர்டுவுட் என்பவர் தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலையொன்றை அவித்த மாப்பண்டத்திற்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றி, இந்நாட்டுக் கைத்தொழில்களைப் பாராட்டி நூல் எழுதியவர் அவர். அத்தகையவரே இவ்வாறு கூறினாரெனின், பிறர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வாண்டிலேயே, இந்தியக் கலையின் பெருமையை உணர்த்துதற்பொருட்டு லண்டனில் இந்தியச் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியவருள் குமாரசுவாமியும் ஒருவர்.

இகழ்ச்சிக்கு இகழ்ச்சியை அவர் விடையாக்கவில்லை. காணும் முறையைக் கற்பித்தார். இது யாருக்காக, எப்பயன் கருதி, எவ்விதிப்படி ஆக்கப்பட்டது என்று முதலில் வினவ வேண்டும்; அதன் பின்னரே நன்று தீது கூற வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்தியச் சிற்பி மனித உடலைப் பார்த்துப் படியெடுப்பவன் அல்லன். தியானத்தில் கண்ட வடிவைக் கல்லிலும் செம்பிலும் அமைப்பவன் என்று விளக்கினார்.

இம்முறைக்குச் சிறந்த சான்று, 1912ஆம் ஆண்டில் சென்னைச் சித்தாந்த தீபிகை இதழில் சிவநடனம் பற்றி அவர் எழுதிய கட்டுரையாகும். உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய தமிழ் நூல்களின் துணைகொண்டு நடராசர் திருவுருவின் பொருளை அதில் தெளிவாக்கினார். உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும். இதனை உணர்ந்தார்க்கு நான்கு கைகள் விந்தையாகத் தோன்றா. ஒரு கை குறையினும் பொருள் குறையும் என்பது புலனாகும்.

1916ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில், மொகலாய ஓவியத்தினின்றும் இராசபுத்திர ஓவியத்தைப் பிரித்துக் காட்டினார். முன்னது அரசவையையும் தனி மனிதர் உருவையும் தீட்டியது. பின்னது கண்ணன் லீலையையும் இராகங்களின் மெய்ப்பாட்டையும் தீட்டியது. இவ்விரண்டும் அவர் கருதியதினும் நெருங்கிய தொடர்புடையவை எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆயினும், அவ்வாராய்ச்சிக்கு வழி வகுத்தவர் அவரே.

தாம் திரட்டிய கலைச்செல்வத்தைக் கொண்டு இந்தியாவில் ஓர் அருங்காட்சியகம் அமைக்க விழைந்தார், அவ்விருப்பம் நிறைவேறவில்லை. 1917ஆம் ஆண்டில் அச்செல்வம் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. அவரும் அங்கே சென்று, 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் இயற்கை எய்தும்வரை முப்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

அறியாமுன் இகழ்தல் எளிது; அறிந்து மதித்தல் அரிது. அவ்வரிய செயலையே குமாரசுவாமி உலகிற்குக் கற்பித்தார். கோயில் மண்டபத்தில் ஒரு கற்சிலையின் முன் சற்றே நின்று, இஃது ஏன் இவ்வாறு அமைந்தது என்று எண்ணிப் பார்க்கும் ஒவ்வொருவரும் அவர் வழியில் நடப்பவரே ஆவர்.