இடது கையில் முட்டை, வலது கையில் துப்பாக்கி!

இமயமலைச் சாரலில் உள்ள நைனிடால் நகரில் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி ஜிம் கார்பெட் பிறந்தார். தந்தை அவ்வூர் போஸ்ட் மாஸ்டர். வெள்ளைக்காரக் குடும்பம்தான். ஆனால் பிள்ளைகள் அதிகம், பணம் குறைவு. ஜிம்முக்கு ஐந்து வயது நடந்தபோது தந்தை இறந்துவிட்டார்.

குளிர்காலத்தில் குடும்பம் மலையை விட்டு இறங்கி, காலாதுங்கி என்ற ஊருக்கு வந்துவிடும். சுற்றிலும் காடு. அந்தக் காடுதான் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம்.

கம்பி சுற்றிய கட்டை

சிறுவனுக்கு முதலில் கிடைத்த துப்பாக்கியைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரட்டைக் குழல் துப்பாக்கி அது. மருந்தை அளவுக்கு மீறிப் போட்டு யாரோ சுட்டதில் ஒரு குழல் வெடித்துப் போயிருந்தது. தோளில் வைக்கும் மரக்கட்டையும் உடைந்திருந்தது. குழலையும் கட்டையையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஜிம் தனியாகக் காட்டுக்குள் போவான்!

பிறகு பயிற்சிப் படையில் இருந்து ஒரு மார்ட்டினி துப்பாக்கி இரவல் கிடைத்தது. சுட்டால் தோளில் முரட்டுத்தனமாக உதைக்கும். சிறுவன் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினான். அதைக் கொண்டுதான் தன் முதல் சிறுத்தையைச் சுட்டான்.

வளர்ந்ததும் ரயில்வேயில் வேலை. கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் கான்டிராக்ட். கார்பெட் அங்கே 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். வேட்டை அவருடைய பிழைப்பு அல்ல.

சம்பாவத் புலி

1907-ம் ஆண்டில் சம்பாவத் பகுதியை ஒரு பெண்புலி ஆட்டிப் படைத்தது. நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரை அது கொன்றதாகக் கணக்கு. பெண்கள் புல் அறுக்கப் போக முடியவில்லை. வாசல் கதவைத் திறக்கவே மக்கள் நடுங்கினார்கள்.

கார்பெட் வந்து சேர்ந்தார். அவர் அங்கே இருக்கும்போதே ஓர் இளம்பெண்ணைப் புலி தூக்கிச் சென்றுவிட்டது. மறுநாள் தாசில்தார் ஆள் திரட்டினார். 298 பேர் வந்தார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளும் பல வந்தன. அன்று ஒரு நாள் தாசில்தார் அதைக் கண்டுகொள்ளவில்லை. நல்ல தாசில்தார்!

கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன. காயம்பட்ட புலி எதிரே நிற்கிறது. அவர் ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கி வந்தார். அதிலோ குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இடைவெளி! சுட்டால் சுட்டவர் முகத்திலேயே வெடிக்கலாம். ஆனாலும் சுட்டார். குண்டு தலையில் படாமல் பாதத்தில் பட்டது. முன்பு பட்ட காயங்களாலேயே புலி செத்து விழுந்தது.

அதன் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலதுபக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. என்றோ ஒருவன் சுட்ட குண்டின் வேலை அது. மானைப் பிடிக்க முடியாத புலி, மனிதனைப் பிடித்தது.

பிறகு நைனிடால் தர்பாரில் தாசில்தாருக்கு ஒரு புதுத் துப்பாக்கி பரிசு கிடைத்தது. அவருக்கு அது அவசியம்தான்! கார்பெட்டுக்கும் லெப்டினன்ட் கவர்னர் ஹீவெட் ஒரு துப்பாக்கி வழங்கினார். லண்டன் ரிக்பி கம்பெனி செய்த .275 ரகம். இலேசானது. அதன் மரக்கட்டையில் ஒரு வெள்ளித் தகடு. சம்பாவத் புலியைக் கொன்றதற்காக வழங்கப்பட்டது என்று தகட்டில் பொறித்திருந்தார்கள்.

மரமா, நைலானா?

அந்தக் காலத்தில் நல்ல துப்பாக்கிக்குக் கட்டை என்றால் வால்நட் மரம்தான். இந்த மரம் உறுதியானது, எளிதில் பிளக்காது. கையில் பிடித்தால் இதமாக இருக்கும். ஆனால் மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பிய கட்டை குழலை நெருக்கும். அப்புறம் குறி தவறும். அதனால்தான் வேட்டைக்காரர்கள் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து வைப்பார்கள்.

1959-ல் அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனி, நைலான் கட்டை போட்ட சிறிய துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடி இழைக் கட்டைகளும் பிறகு பரவின. இவை மழைக்கு அசையா. ஆனால் முள்செடியில் உரசினால் சத்தம் கேட்கும். மிகவும் இலேசாகிவிட்டால் உதையும் அதிகம். புலிக் காட்டில் சின்னச் சத்தமும் ஆபத்து அல்லவா? கார்பெட்டுக்கு இந்தக் குழப்பமே வரவில்லை. அவர் காலத்தில் மரம் ஒன்றுதான்.

அவருக்கு இருந்த குழப்பம் வேறு: கனமான துப்பாக்கியா, இலேசானதா? கனமான இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும் அவரிடம் உண்டு. அடி பலமாக விழும். ஆனால் இரண்டு கையும் வேண்டும்.

எட்டடி தூரம்

1930-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. சௌகார் என்ற இடத்தின் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அவர் போய்க்கொண்டிருந்தார். அன்று கையில் இருந்தது .275. வழியில் ஒரு பறவையின் இரண்டு முட்டைகள் கிடந்தன. முட்டை சேகரிப்பதில் அவருக்கு ஆசை. இடது கையில் எடுத்துக்கொண்டார்.

ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பினார். எட்டடி தூரத்தில் புலி! அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

வலது கையில் துப்பாக்கி, மார்புக்குக் குறுக்கே இருந்தது. சட்டென்று அசைந்தால் புலி பாயும். ஒற்றைக் கையால் துப்பாக்கியை மெல்ல, மெல்லத் திருப்பினார். கட்டை தோளில் இல்லை. எதிலும் ஊன்றவும் இல்லை. கை முழுவதும் நீண்டு, பாரம் தாங்காமல் வலிக்க ஆரம்பித்தது. கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் பாதியிலேயே கை தாழ்ந்திருக்கும். இடது கை காலியாக இருந்திருந்தால் இரண்டு கையாலும் தூக்கிச் சட்டென்று திரும்பியிருப்பார், புலியும் பாய்ந்திருக்கும்.

விசையை அழுத்தினார். புலியின் தலை முன்கால்கள் மேல் மெதுவாகச் சாய்ந்தது.

முட்டைகள் உடையவில்லை. அவற்றைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தார். அரைமணி நேரம் கழித்து அவ்வழியே வந்தபோது தாய்ப்பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது.

பிற்காலத்தில் அவர் துப்பாக்கியைவிடக் காமிராவையே அதிகம் தூக்கினார். 1936-ல் அமைந்த தேசியப் பூங்காவுக்காகப் பாடுபட்டார். இன்று அது அவர் பெயராலேயே விளங்குகிறது. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1947-ல் அக்காள் மாகியுடன் கென்யா சென்றார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, நியேரி என்ற ஊரில் காலமானார்.

ரிக்பி துப்பாக்கி, அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பிரசுராலயத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு, அதைச் செய்த கம்பெனியே திரும்ப வாங்கியது. 2016-ல் அதைக் குமாவோனுக்குக் கொண்டுவந்து மக்களுக்குக் காட்டினார்கள். வால்நட் கட்டையில் அந்த வெள்ளித் தகடு அப்படியே இருந்தது.