நூற்பட்டியலுக்கு வாழ்வளித்த பேராசான் சீ. இரா. அரங்கநாதனார்

பல்லாயிரம் நூல்களை அடுக்கி வைத்திருக்கும் கட்டடம் ஒன்றை நூலகம் என்று கூறிவிடலாமா? வேண்டிய நூல் வேண்டியவரின் கைக்கு வேண்டிய பொழுதில் வந்து சேராதாயின், அக்கட்டடம் காகிதக் கிடங்காக இருக்குமேயன்றி நூலகமாகாது. கிடங்கை நூலகமாக்குவது நூற்பட்டியலே. ஆயினும் கட்டடம் எழுப்பப் பொருள் தருவோர் உண்டு. நூல் வாங்கித் தருவோரும் உண்டு. பட்டியல் அமைக்கப் பொருள் தருவோரைக் காண்பது அரிது. கண்ணுக்குத் தெரியாத பணிக்கு யார்தான் கொடை வழங்குவர்?

பொது நூலகங்கள் தம் பழைய அட்டைப் பட்டியல்களைக் கைவிட்டு இணையவழி நூற்பட்டியலுக்கு மாறிவரும் காலம் இது. இந்நேரத்தில் எங்கும் இரு ஐயங்கள் எழுகின்றன. இச்செலவு தேவைதானா என்பது ஒன்று. தேவையெனில் அதை யார் ஏற்பது என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் தம் வாழ்வையே விடையாகத் தந்து சென்றவர், இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்பெறும் பேராசான் சீ. இரா. அரங்கநாதனார் ஆவார்.

இளமையும் கல்வியும்

அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் பிறந்தார். தந்தையார் இராமாமிர்த ஐயர். ஆறு வயதிலேயே தந்தையை இழந்த அச்சிறுவர், ஊர்ப் பள்ளியில் பயின்றபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் எட்வர்டு ராஸ் அவர்களின் அன்புக்குரிய மாணவரானார். 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். திக்குவாய்க் குறை அவருக்கு இருந்தது. ஆசிரியத் தொழிலை நாடியவருக்கு அது பெருந்தடையன்றோ? எனினும் முயற்சியால் அதனை வென்று, மங்களூரிலும் கோவையிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகர் பதவிக்கு ஆள் தேடிய பொழுது, நண்பர்களின் தூண்டுதலால் அவரும் விண்ணப்பித்தார். நூலகப் பயிற்சி எதுவும் பெறாத அவர் 1924 சனவரியில் அப்பொறுப்பை ஏற்றார். மாணவர்கள் இல்லாத அந்த அமைதி அவருக்குச் சிறைவாசமாகத் தோன்றியது. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகக் கலையைப் பயின்று வருமாறும், அதன் பின்னும் விருப்பம் இல்லையெனில் ஆசிரியப் பணிக்கே மீளலாம் என்றும் அவருக்குக் கூறப்பட்டது.

கண் திறந்த பயணம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்சு அவர்களிடம் அவர் பயின்றார். இங்கிலாந்தின் நூலகங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நேரில் கண்டார். தொழிலாளியும் இல்லத்தரசியும் சிறுவரும் தயக்கமின்றிப் புகுந்து நூல் பெற்றுச் செல்லும் காட்சி அவர் உள்ளத்தை மாற்றியது. கல்லூரி சிலருக்கே கற்பிக்கிறது. நூலகமோ ஊர் முழுமைக்கும் கற்பிக்க வல்லது என்பதை உணர்ந்தார்.

அங்கிருந்த கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளைக் கொண்டே எண்ணற்ற உருவங்களை அமைக்கலாம் என்பதே அதன் சிறப்பு. அறிவுத் துறைகளையும் இவ்வாறே அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது இணைத்துக் கொள்ளலாம் என்ற கருத்து அவருள் முளைத்தது. முக்காற்புள்ளியை இணைப்புக் குறியாகக் கொண்ட கோலன் பகுப்பு முறை இவ்வாறு தோன்றி, 1933இல் நூல் வடிவம் பெற்றது. இன்று இணையத்தில் தேடுவோர், பொருள், மொழி, ஆண்டு எனப் பல கூறுகளால் தேடலைச் சுருக்கிக் கொள்கின்றனரே, அம்முறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டோருள் அரங்கநாதனார் முதன்மையானவர்.

1925இல் தாயகம் திரும்பியவர் கணித வகுப்புக்கு மீளவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக உழைத்தார். 1929இல் நூலகர்க்கான பயிற்சி வகுப்புகள் தொடங்கின. 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்த நூல் வெளிவந்தது. நூல் பயன்படுவதற்கே உரியது, படிப்போரின் காலம் வீணாகலாகாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்பன அவ்விதிகளின் சாரத்துள் சில. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதிச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. கனகசபைப் பிள்ளை அவர்களின் முயற்சியால் நிகழ்ந்த அந்நற்பணி, இவ்வியக்கத்தின் விளைச்சலே.

பட்டியல் என்னும் பெரும்பணி

1934இல் அவர் நூற்பட்டியல் விதிகளைத் தனி நூலாக வகுத்தளித்தார். ஒரு நூலுக்கு ஓர் அட்டை போதாது என்பது அவர் கொள்கை. ஆசிரியர் பெயரால் தேடுவார்க்கு ஓர் அட்டை. தலைப்பால் தேடுவார்க்கு ஓர் அட்டை. பொருளால் தேடுவார்க்கு வேறோர் அட்டை. ஒரு கட்டுரைத் தொகுப்பின் நடுவே கடல் வாணிகம் பற்றிய இயல் ஒன்று இருப்பின், அதையும் சுட்டிக் காட்டும் அட்டை வேண்டும். இத்தனையும் எழுத அறிவும் காலமும் தேவை. அவற்றிற்கு ஊதியமும் தேவை.

அவ்வூதியம் இல்லாவிடத்து நிகழ்வது யாது? 1945இல் அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் நூலகப் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களை இரண்டே ஆண்டுகளில் தாமே வகைப்படுத்திப் பட்டியலிட்டார். அறிஞர் உலகம் இதனை வியந்து போற்றுகின்றது. வியப்பு ஒருபுறம் இருக்கட்டும். ஐம்பது வயதைக் கடந்த மனிதர் ஒருவர், ஒரு குழு செய்ய வேண்டிய பணியைத் தம் உடல் தேயச் செய்தார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிறுவனம் தாராத பொருளைத் தனிமனிதன் தன் வாழ்நாளால் ஈடுசெய்தான். எல்லா நூலகங்களுக்கும் ஓர் அரங்கநாதன் கிடைப்பாரா?

அரையணா வரி

கிடைக்கமாட்டார் என்பதை அவரே நன்கறிந்திருந்தார். எனவேதான் வள்ளல்களின் கொடையை மட்டும் நம்பாமல் சட்டத்தை நாடினார். 1930இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். சென்னைச் சட்டமன்றத்தில் அத்தகைய மசோதாவை அந்தப் பத்தாண்டுகளில் கொண்டுவந்தவர் ஜனாப் பஷீர் அகமது சயீத் அவர்கள். பின்னாளில் நீதியரசராக விளங்கியவரும், சென்னையில் பெண்களுக்கெனக் கல்லூரி கண்டவருமான அப்பெருந்தகையின் பெயர் இவ்வரலாற்றில் இடம்பெறுவது நம் சமுதாயத்திற்குப் பெருமை தருவதாகும். அம்முயற்சி அன்று சட்டமாகவில்லை. எனினும் விதை வீண்போகவில்லை. கல்வியமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் காலத்தில் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரி, வீட்டு வரி ஆகியவற்றின்மேல் ரூபாய்க்கு ஆறு தம்படி, அதாவது அரையணா, நூலகத்திற்கென வசூலிக்க அது வழிசெய்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. சென்னை நகர் நீங்கலான பகுதிகளில், வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் வழங்க வேண்டும் என விதித்தது. வீடுடையார் ஒவ்வொருவரும் தாம் அறியாமலேயே ஊர் நூலகத்தின் புரவலர் ஆயினர். நூலகம் யாசகத்தால் வாழ்வது மாறி உரிமையால் வாழும் நிலை பிறந்தது.

ஊருக்கு வரி வகுத்தவர் தம் கையை மூடிக்கொள்ளவில்லை. 1950களில் தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, தம் துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரும் இணைய நூலக அறிவியலுக்குப் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். 1957இல் பத்மஸ்ரீ விருதும் 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் சிறப்பும் அவரை அடைந்தன. 1962இல் பெங்களூரில் ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தோற்றுவித்து, இறுதிவரை அங்கே உழைத்தார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நமக்கு அவர் விட்டுச்சென்ற பாடம்

அட்டைப் பெட்டிகள் மறைந்து கணினித் திரை வந்துவிட்டமையால் அவர் பணி பழமையாயிற்று என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. கணினி விலைக்குக் கிடைக்கும். பட்டியல் மென்பொருளோ, நியூசிலாந்தில் தோன்றிய கோகா போன்றவை, கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஆனால் பழைய அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றுதல் மனிதப் பணியே. அரங்கநாதன், ரங்கநாதன், ரெங்கநாதன் என ஒருவர் பெயரே மூவகையாய் எழுதப்படும் நம் மொழியில், அறிந்தோர் இணைத்து வைக்காவிடின் கணினி அவரை மூவராகவே காட்டும். தேடுபவர் ஒரு பகுதியைக் கண்டு, எஞ்சியவை இல்லையென்று திரும்பிவிடுவார். பிழையான பட்டியலில் மறைந்த நூல், கரையான் அரித்த நூலைப் போன்றதே.

ஆகவே இணையவழிப் பட்டியலுக்கு நிதி ஒதுக்குவோர், பொறி வாங்கும் செலவை மட்டும் கணக்கிட்டு நின்றுவிடலாகாது. பட்டியலாளரின் ஊதியம், ஆண்டுதோறும் பேணும் செலவு ஆகியவற்றையும் நிலையான வருவாயிலிருந்து ஒதுக்குதல் வேண்டும். அவ்வருவாய்க்கான வழியை அரங்கநாதனார் 1948இலேயே திறந்து வைத்துள்ளார். வசூலாகும் நூலக வரி காலந்தாழ்த்தாது நூலகங்களைச் சென்றடைகிறதா என்று கேட்பது வரி செலுத்தும் பெரியோர்களின் உரிமை, கடமையுமாகும்.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை நூலகத்தில் ஒரு பெயரைத் தட்டச்சிட்டு, நொடிப்பொழுதில் நூலின் இடத்தை அறியும்போது, அந்நொடிக்குப் பின்னால் ஒருவர் செலவிட்ட ஆண்டுகளை நினைந்து பாருங்கள். நேரம் இருப்பின், உங்கள் ஊர் நூலகத்தில் இன்னும் ஏற்றப்படாத அட்டைகள் எத்தனை என்று நூலகரிடம் கேளுங்கள். அவற்றுள் ஒரு பெட்டியை ஏற்றித் தர முன்வருவீர்களாயின், அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் அப்பேராசானுக்கு வேறில்லை.