காற்றை எடையிட்ட பாஸ்கல்

நம் காலனியில் இரத்த அழுத்தத்தை மில்லிமீட்டரில் கூறுகின்றனர். ஸ்கூட்டர் சக்கரத்திற்குப் பவுண்டுக் கணக்கில் காற்றடைக்கின்றனர். ரயில்வண்டியின் காற்றுப் பிரேக்குக் குழாயிலோ கிலோ வழங்குகிறது. அளவுகள் பலவாயினும் அளக்கப்படும் பொருள் ஒன்றே. இவ்வுண்மைக்கு வழிகோலிய பெரியார்களுள் ஒருவர் பிளேஸ் பாஸ்கல்.

இவர் 1623 ஜூன் 19 அன்று பிரான்சு நாட்டுக் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். தந்தையார் எத்தியேன் வரி அதிகாரியாக ரூவான் நகரில் அமர்ந்தபோது, இரவு பகலாகக் கணக்கோடு போராட நேர்ந்தது. அந்நாட்டில் 12 தெனியே ஒரு சோல். 20 சோல் ஒரு லிவ்ர். 12 பைக்கு ஓரணா, 16 அணாவுக்கு ஒரு ரூபாய் என்று கூட்டிக் களைத்த நம் முன்னோருக்கு அத்துன்பம் விளங்கும். தந்தையின் பாரத்தைக் குறைக்க எண்ணிய மைந்தர், 1642-இல், தம் பத்தொன்பதாம் வயதில், கணக்கிடும் இயந்திரம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். அதில் சோலுக்கு 20 பிரிவும், தெனியேக்கு 12 பிரிவும் கொண்ட சக்கரங்கள் இருந்தன. ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றும் வேலையைச் சக்கரமே செய்தது.

அக்காலத்தில் இத்தாலியரான டாரிசெல்லி, பாதரசம் நிரம்பிய குழாயைக் கவிழ்த்தால் அது ஏறத்தாழ 76 செண்டிமீட்டர் உயரத்தில் நிற்பதைக் கண்டு, காற்றின் எடையே அதைத் தாங்குகிறது என்று கருதினார். பாஸ்கல் 1646 முதல் இச்சோதனையில் ஈடுபட்டு, நெடுங்குழாய்களில் நீரையும் திராட்சை மதுவையும் நிரப்பிப் பார்த்தார். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆதலால் நீர் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயரம் நிற்கும். உயரம் வேறாயினும் அழுத்தம் ஒன்றே.

காற்றின் எடையே காரணமெனில் மலையுச்சியில் பாதரசம் தாழ வேண்டுமன்றோ? நோயுற்ற உடலினரான பாஸ்கல், தம் தமக்கையின் கணவர் பெரியேவை வேண்டிக்கொண்டார். பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பூயி-த-தோம் மலைமீது ஏறினார். அடிவாரத்தில் நின்ற அளவைவிட உச்சியில் பாதரசம் மூன்று பிரெஞ்சு அங்குலத்திற்குச் சற்று மேலாக, அதாவது ஏறத்தாழ 8.5 செண்டிமீட்டர், தாழ்ந்து நின்றது. கீழே ஒரு துறவி காவல் காத்த குழாயிலோ அன்று முழுதும் மாற்றமே இல்லை. ஐயம் தீர்ந்தது.

பிற்காலத்தில் சமயச் சிந்தனையில் ஆழ்ந்தபோதும் மக்கள் நலனை அவர் மறக்கவில்லை. 1662-இல் பாரிசு நகரில் ஐந்து சோல் கட்டணத்தில் பொதுமக்கள் ஏறிச்செல்லும் குதிரை வண்டிகள் ஓட முன்னின்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 19 அன்று, 39 வயதில் மறைந்தார்.

1971-இல் அழுத்தத்தின் சர்வதேச அலகிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விசை அழுத்தினால் அது ஒரு பாஸ்கல். மிகச் சிறிய அளவாதலின் ஆயிரம் சேர்த்துக் கிலோபாஸ்கல் என்பர். காற்று மண்டலத்தின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், அதுவே 101.3 கிலோபாஸ்கல், சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு. சதுர செண்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 14.2 பவுண்டு அல்லது 98 கிலோபாஸ்கல். ஆகவே பிரேக்குக் குழாயின் 5 கிலோ, 71 பவுண்டாகும். இரத்த அழுத்தம் 120 என்பது 16 கிலோபாஸ்கல்.

ஒருமுறை அழுத்தமானி ஒன்றிற்கான படிவத்தில், 5 கிலோ என்றிருக்க வேண்டிய இடத்தில் 5 பவுண்டு என்று எழுதிவிட்டேன். எண் சரி, அலகோ பிழை. பதினான்கில் ஒரு பங்காய்க் குறைந்துபோன அவ்வளவை மேலதிகாரி கண்டு திருத்தினார். எண்ணைக் கற்பிக்கும்போதே அலகையும் நம் குழந்தைகளுக்குக் கற்பிப்போமாக. தந்தையின் கணக்குச் சுமையைத் தன் சுமையாய் ஏற்ற அம்மைந்தருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.