மாண்டிசோரி அம்மையார்

நம் நாஞ்சில் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில், மணலில் விரல் வைத்து எழுதியும், எண்சுவடியை உரக்கக் கூவி மனப்பாடஞ் செய்தும் கணக்குக் கற்ற தலைமுறைகள் பல. அம்முறையால் மனக்கணக்கில் வல்லுநர் பலர் தோன்றினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், எண் என்பது யாதென உணராமலே வாய்பாட்டை ஒப்புவித்துவிட்டுப் பிரம்புக்கு அஞ்சிப் பள்ளியை விட்டகன்றோரும் பலர். இக்குறை நீங்க உபாத்தியாயரையே முதலில் மாணாக்கராக்க வேண்டுமெனக் கண்டு, அப்பணியை நம் தமிழ் மண்ணிலும் நடத்திக் காட்டியவர் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி இத்தாலி தேசத்துக் கியாராவல்லே என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் பற்றுடையவர். வைத்தியம் பயின்று 1896இல் ரோமாபுரி சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்யப் புகுந்தவர், அவர்களுக்கு மருந்தினும் கல்வியே வேண்டுமென்று உணர்ந்தார். 1907 ஜனவரி 6ஆம் தேதி ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த ஸான் லொரென்ஸோ பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார்.

அவர் வகுத்த கணிதப் போதனையில் எண் முதலில் குழந்தையின் கைக்கு வருகிறது. பின்னரே வாய்க்கும் ஏட்டுக்கும் செல்கிறது. பத்துக் கோல்கள், சிறியது பத்துச் சென்டிமீட்டர், பெரியது ஒரு மீட்டர். ஒன்பதன் கோலோடு ஒன்றன் கோலைச் சேர்த்தால் பத்தன் கோலுக்குச் சமமாவதைக் குழந்தை தானே காண்கிறது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்ணிட்ட அறைகளில் நாற்பத்தைந்து கதிர்களை எண்ணி இடவேண்டும். பூஜ்யத்தின் அறை வெறுமையாகவே நிற்கும். எண்ணுவதில் பிழை நேர்ந்தால் இறுதியில் கதிர் குறையும் அல்லது மிஞ்சும். திருத்துவதற்குப் பிறர் வேண்டுவதில்லை. ஒரு மணி ஒன்று; பத்து மணி கோத்த கம்பி பத்து; பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு; பத்துச் சதுரம் அடுக்கிய கனம் ஆயிரம். தசம எண்முறை முழுவதும் குழந்தையின் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது.

இவரது பள்ளிகளை முதலில் முஸோலினி சர்க்கார் ஆதரித்தது. ஆனால் தானே சிந்திக்கும் குழந்தை சர்வாதிகாரிக்கு உதவுமோ? 1934இல் பிணக்கு முற்றி, அம்மையார் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். அதற்கு முன்னரே, 1931இல், மகாத்மா காந்தி லண்டனில் அவரது பயிற்சிக் கல்லூரிக்குச் சென்று அளவளாவியிருந்தார்.

1939 நவம்பரில், பிரம்மஞான சங்கத் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்றுத் தம் புதல்வர் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. முதல் வகுப்பிலேயே முந்நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பிரிட்டிஷ் சர்க்கார் இருவரையும் பகைநாட்டாராகக் கருதியது. மரியோ காவலில் வைக்கப்பட்டார்; அம்மையார் அடையாற்றை விட்டகலத் தடை விதிக்கப்பட்டது. அவரது எழுபதாவது பிறந்த நாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். பின் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, ஆரம்பப் பள்ளிச் சிறாருக்கான போதனையை விரிவாக்கினார். இந்தியாவில் அவரிடம் பயின்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்.

அப்பயிற்சி சொற்பொழிவோடு முடிந்ததன்று. உபாத்தியாயர் ஒவ்வொரு சாதனத்தையும் தம் கையாலேயே பன்முறை எடுத்துப் பழகவேண்டும். கண்டதையும் செய்ததையும் ஏட்டில் எழுதி வைக்கவேண்டும். குழந்தை வேலை செய்கையில் குறுக்கிடாமல் உற்றுநோக்கக் கற்கவேண்டும். அதிகாரம் செலுத்திப் பழகியவருக்கு இம்மௌனமே கடினமான பாடம்.

1952 மே 6ஆம் தேதி ஹாலந்தில் அம்மையார் காலமானார். அவர் முறை செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே ஏற்றது என்பாரும் உளர். அது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிற் பிறந்தது என்பதை அவர்கள் மறந்தனர். தங்க நிற மணிகளுக்குப் பொருள் இல்லையெனில், நம் ஊரில் புளியங்கொட்டைக்கும் தென்னை ஈர்க்கிலுக்கும் பஞ்சமில்லை. பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தால் குழந்தை எண்ணிக்கொள்ளும். 2022இல் தமிழக அரசு எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தைத் தொடங்கியதும் ஆரம்ப வகுப்புக் குழந்தைகளின் பொருட்டே. ஆயினும் திட்டமும் சாதனமும் பயிற்சி பெறாத கையிற் சேர்ந்தால் அலமாரியிலேயே உறங்கும். ஆதலின் பள்ளிக்குப் பணம் ஒதுக்குவோர் கட்டடத்தோடு நின்றுவிடாமல், உபாத்தியாயர் பயிற்சிக்கும் ஆண்டுதோறும் உரிய பங்கை ஒதுக்கவேண்டும். பொதுப்பணியில் ஈடுபட்ட நம் அன்பர்கள் இதனை வற்புறுத்திப் பெறுவார்களாக.