ஆக்சிஜனும் அளவோடுதான்: ஹால்டேன் உடம்பால் கற்ற பாடம்

2021 கொரோனா சமயத்தில் அப்பா ஊரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஹவுன்ஸ்லோவில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் கூட்டி வைக்கச் சொல்லுங்க என்று போனில் தம்பியை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். டாக்டரோ குறைத்துக்கொண்டே வந்தார். எனக்குக் கோபம். அவர் செய்ததுதான் சரி என்று புரிந்தது, ஜே.பி.எஸ். ஹால்டேனைப் பற்றிப் படித்தபோதுதான்.

1892இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர் ஹால்டேன். அப்பாவும் சுவாச ஆராய்ச்சியாளர். விஷக்காற்றைத் தன் மேலேயே சோதித்துப் பார்க்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது.

1939 ஜூனில் லிவர்பூல் பக்கம் தேட்டிஸ் நீர்மூழ்கி மூழ்கி 99 பேர் இறந்தார்கள். காரணத்தைக் கண்டறியும் வேலை அப்போது லண்டனில் பேராசிரியராக இருந்த ஹால்டேனிடம் வந்தது. பிறகு போர்க்காலம். சுத்த ஆக்சிஜனை எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் சுவாசிக்கலாம் என்பது கடற்படையின் கேள்வி. அழுத்தம் கூட்டிய இரும்பு அறைக்குள் அவரே போய் உட்கார்ந்தார். வலிப்பு வந்தது. முதுகெலும்பு நொறுங்கி, அந்த வலி கடைசிவரை கூடவே இருந்தது.

ஆக்சிஜன் ஏன் இப்படி அடிக்கிறது? உடம்புக்குள் அது ஆற்றல் தரும்போதே, செல்லைச் சிதைக்கும் துணைப்பொருட்களும் உருவாகின்றன. அவற்றைத் தணிக்க நம்மிடம் நொதிகள் உண்டு. காற்றில் இருக்கும் 21 சதவீதத்துக்கு அது போதும். அதற்கு மேலே ரொம்பப் போனால் நுரையீரலும் மூளையும் அடி வாங்கும். சுத்த ஆக்சிஜனில் வைத்த எலிகள் சுமார் மூன்று நாளில் செத்துவிடும். அதே எலிகளை முதலில் ஒரு வாரம் 85 சதவீதத்தில் பழக்கினால், நொதிகள் கூடி, பிறகு சுத்த ஆக்சிஜனையும் பல நாள் தாங்குகின்றன. இதை 1970களில்தான் கண்டார்கள். ஹால்டேன் அப்போது உயிரோடு இல்லை.

1957இல் அவர் லண்டனை விட்டு இந்தியா போனார். குர்தா போட்டார், சைவம் சாப்பிட்டார், 1961இல் இந்தியக் குடிமகனும் ஆனார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரில் புற்றுநோயால் இறந்தார். உடலை காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். செத்தும் பாடம் நடத்தினார்.

நாங்கள் வெளியே வந்தோம், அவர் உள்ளே போனார். வழியில் பார்த்துக்கொண்ட மாதிரி ஒரு உணர்வு எனக்கு. அப்பா இப்போ நல்லா இருக்கார். அந்த டாக்டருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இந்த முறை ஊருக்குப் போனால் நேரில் சொல்லிவிடணும்.