இரண்டு தேர்தல்களுக்கு இடையே ஜெகஜீவன் ராம்

நம் கிராமங்களில் கட்சி என்பது பல வீடுகளில் பரம்பரைச் சொத்து மாதிரி. தாத்தா எந்தச் சின்னத்தில் முத்திரை குத்தினாரோ, அதே சின்னத்துக்குத்தான் பேரனும் பொத்தானை அழுத்துகிறான். ஏன் என்று கேட்டால், எங்கள் குடும்பம் எப்போதுமே அந்தக் கட்சிதான் என்று பதில் வரும். ஆனால் அந்த எப்போதும் என்பதற்கும் ஒரு தொடக்க நாள் உண்டு. ஏதோ ஒரு தேர்தலில், ஏதோ ஒரு காரணத்துக்காக, அந்த வீட்டில் யாரோ ஒருவர் யோசித்து முடிவெடுத்திருப்பார். காலப்போக்கில் காரணம் மறந்துபோகும். கட்சி மட்டும் நிலைத்துவிடும்.

ஒரு தேர்தலில் கட்சிப் பற்று எப்படிப் பிறக்கிறது, இன்னொரு தேர்தலில் எப்படி முறிகிறது என்பதை ஒரே வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால், பாபு ஜெகஜீவன் ராமின் வாழ்க்கையைத்தான் நாம் எடுத்துப் படிக்க வேண்டும். 1937 தேர்தல் அவரைக் காங்கிரசோடு பிணைத்தது. 1977 தேர்தல் அந்தப் பிணைப்பை அறுத்தது. இடையில் 40 ஆண்டுகள்.

உடைந்த பானை

பீகார் மாநிலம் ஆரா நகருக்கு அருகில் உள்ள சந்த்வா கிராமத்தில் 1908 ஏப்ரல் 5 அன்று பிறந்தவர் ஜெகஜீவன் ராம். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்டு, தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சமார் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். தந்தை சோபி ராம் ராணுவத்தில் பணியாற்றி விலகியவர். ஜெகஜீவன் சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட, தாய் வசந்தி தேவிதான் மகனைப் படிக்க வைத்தார்.

ஆராவில் அவர் படித்த பள்ளியில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, முஸ்லிம்களுக்கு ஒரு பானை என இருந்தது. இந்துக்களுக்கான பானையில் ஜெகஜீவன் தண்ணீர் குடித்துவிட்டார் என்று புகார் எழுந்ததும், தீண்டப்படாதோருக்கென மூன்றாவதாக ஒரு பானை வைக்கப்பட்டது. அதை அவர் உடைத்தார். மறுபடி வைத்தார்கள். மறுபடியும் உடைத்தார். அதன் பிறகு மூன்றாவது பானையை வைப்பதைப் பள்ளி நிர்வாகம் கைவிட்டது.

மதன் மோகன் மாளவியாவின் அழைப்பின் பேரில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே விடுதியில் அவருடைய தட்டைக் கழுவ மறுத்தார்கள். ஊரில் முடிதிருத்துவோர் அவருக்கு முடிவெட்ட மறுத்தார்கள். இதை எதிர்த்துப் போராடிய அவர், பின்னர் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் படித்து 1931-ல் அறிவியல் பட்டம் பெற்றார். 1935-ல் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் லீக் தொடங்கப்பட்டபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவராக இருந்தார். அப்போது சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் வாக்குரிமை. அதே ஆண்டில், தொகுதி வரையறைக்காக ராஞ்சிக்கு வந்த ஹேமண்ட் குழுவின் முன் நின்று, நிலமற்ற தலித் மக்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று வாதாடினார்.

14 பேர் கையில் இருந்த நாள்

1937 தேர்தலைப் புரிந்துகொள்ள 1932-ன் பூனா ஒப்பந்தத்தை நாம் நினைவில் கொள்ள வேண்டும். தலித் மக்கள் தனியாக வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி முறை அந்த ஒப்பந்தத்தில் கைவிடப்பட்டது. பதிலாக மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தேர்தல் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் தலித் வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்வு செய்வார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த நால்வரில் ஒருவரைத் தொகுதி முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். அதாவது, களத்தில் யார் நிற்கலாம் என்று சொல்வது சேரி. யார் ஜெயிப்பது என்று முடிவு செய்வது ஊர்.

இந்த முறையில் நடந்த முதல் தேர்தலில் ஜெகஜீவன் ராம், ஷாகாபாத் மாவட்டத் தொகுதி ஒன்றில் போட்டியின்றி வென்றார். அவரது லீக்கைச் சேர்ந்தவர்கள் அவரையும் சேர்த்து 14 பேர், ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் போட்டியின்றித் தேர்வானார்கள். அப்போது அவருக்கு வயது 29 கூட நிறையவில்லை.

பீகாரில் பெரும்பான்மை பெற்றது காங்கிரஸ். ஆனால் ஆளுநரின் தலையீடு இருக்காது என்ற உறுதிமொழி கேட்டு, ஆட்சிப் பொறுப்பை ஏற்க அது மறுத்தது. அந்த இடைவெளியில் முகமது யூனுஸ் தலைமையில் ஓர் அமைச்சரவை அமைக்கப்பட்டது. பெரும்பான்மை இல்லாத அந்த அரசுக்கு 14 உறுப்பினர்கள் என்பது பெரிய பலம். ஜெகஜீவன் ராமுக்கு அமைச்சர் பதவி தருவதாக அழைப்பு வந்தது.

ஒரு கணம் அவர் இடத்தில் நின்று பார்ப்போம். தண்ணீர்ப் பானைக்கும் சோற்றுத் தட்டுக்கும் சண்டை போட்டு வளர்ந்த ஓர் இளைஞர். அவர் படியேறி வந்த கதவுகளெல்லாம் அவர் முகத்தில் சாத்தப்பட்டவை. இப்போது ஒரு கதவு தானாகத் திறக்கிறது. அவர் உள்ளே போகவில்லை. ஆங்கில அரசு, தலித் பிரதிநிதிகளை விடுதலை இயக்கத்துக்கு எதிராக நிறுத்தப் பார்க்கிறது என்று கருதினார். சாதி ஒழிப்பும் நாட்டு விடுதலையும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்பது அவர் நிலை. தன் ஆட்களோடு காங்கிரஸ் பக்கம் நின்றார். அந்த ஆண்டு ஜூலையில் காங்கிரஸ் ஆட்சி அமைத்தபோது அவருக்குக் கிடைத்தது அமைச்சர் பதவி அல்ல, சட்டமன்றச் செயலாளர் பதவி. அதை ஏற்றுக்கொண்டார்.

இதே தேர்தல் முறையிலிருந்து அண்ணல் அம்பேத்கர் கற்றுக்கொண்ட பாடம் வேறு. பொதுத் தொகுதியில் பெரும்பான்மைச் சாதிகளின் வாக்கே முடிவு செய்யும்வரை, சொந்தக் காலில் நிற்கும் தலித் கட்சி வெல்ல முடியாது என்பதே அவர் வாதம். 1946 தேர்தலில் அவருடைய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு படுதோல்வி அடைந்தது. அம்பேத்கர் வங்காளத்திலிருந்துதான் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைய முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமைந்த நேருவின் இடைக்கால அரசில், 38 வயதில் மிக இளைய அமைச்சராகத் தொழிலாளர் துறையை ஏற்றார் ஜெகஜீவன் ராம். ஒருவர் கட்சிக்கு வெளியே நின்று உரிமை கேட்டார். இன்னொருவர் கட்சிக்கு உள்ளே நின்று பங்கு கேட்டார். இருவரில் யார் வழி சரி என்ற விவாதம் நம் சேரிகளில் இன்றும் முடியவில்லை.

40 ஆண்டுக் கணக்கு

உள்ளே நின்றதால் கிடைத்தவை குறைவு என்று சொல்லிவிட முடியாது. அவர் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த காலத்தில்தான் 1948-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டமும் வந்தன. பிறகு தகவல் தொடர்பு, ரயில்வே, உணவு மற்றும் வேளாண்மை, பாதுகாப்பு எனப் பல துறைகள். பசுமைப் புரட்சி வேரூன்றிய ஆண்டுகளில் வேளாண் அமைச்சர் அவர். 1971 வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சர் அவர். 1963-ல் நம் காமராஜர் கொண்டுவந்த திட்டத்தின்படி, மூத்த அமைச்சர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குப் போனபோது, விலகியவர்களில் அவரும் ஒருவர். 1969-ல் காங்கிரஸ் பிளந்தபோது இந்திரா காந்தி பக்கம் நின்று, அந்தக் கட்சியின் தலைவரானார்.

பற்றுக்குக் கொடுத்த விலையும் உண்டு. 1975-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, அதற்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவர் ஜெகஜீவன் ராம்தான். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. ஏழைகள் மீது கட்டாயக் கருத்தடை பாய்ந்தது. அந்த 19 மாதங்களும் அவர் அமைச்சரவையில் இருந்தார். அவரைப் போற்றுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுவது வழக்கம். நாம் தாண்ட வேண்டியதில்லை.

1977 பிப்ரவரி 2

1977 ஜனவரியில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 2 அன்று அமைச்சர் பதவியிலிருந்தும் காங்கிரசிலிருந்தும் ஜெகஜீவன் ராம் விலகினார். பகுகுணா, நந்தினி சத்பதி ஆகியோருடன் சேர்ந்து ஜனநாயகத்துக்கான காங்கிரஸ் என்ற கட்சியைத் தொடங்கி, ஜனதா கூட்டணியோடு நின்றார். சில நாட்களில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணோடு அவர் பேசிய கூட்டத்துக்குப் பெருந்திரள் வந்தது. மக்களை வீட்டிலேயே இருத்துவதற்காக அன்று மாலை தொலைக்காட்சியில் பாபி படம் போடப்பட்டது என்பது அந்தக் காலத்தில் ஊரறிந்த பேச்சு.

மார்ச் மாதத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும், பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தமிழகத்தில் காங்கிரஸ் – அதிமுக கூட்டணி பெரும்பான்மை இடங்களைப் பிடித்த அதே தேர்தலில் இது நடந்தது. தலைமுறை தலைமுறையாகக் காங்கிரசுக்கே வாக்களித்த வடநாட்டுத் தலித் குடும்பங்களில் பெரும்பகுதி, முதல்முறையாக வேறு சின்னத்தைத் தேடியது. பாபுஜியே போய்விட்டார் என்பது அவர்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

ஆனால் பிரதமர் நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. சரண்சிங் மொரார்ஜி தேசாயை ஆதரித்தார். ஜெயப்பிரகாஷ் நாராயணும் கிருபளானியும் மொரார்ஜியையே தேர்ந்தெடுத்தார்கள். மனம் கசந்த ஜெகஜீவன் ராம் முதலில் பதவியேற்கவில்லை. சில நாள் கழித்துப் பாதுகாப்பு அமைச்சரானார்.

அந்த மே மாதம் பீகாரின் பெல்ச்சி கிராமத்தில் 11 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் தலித்துகள். ஆகஸ்டில், சேற்றையும் ஆற்றையும் யானை மீது கடந்து, அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர் தோற்றுப்போயிருந்த இந்திரா காந்தி. 1978 ஜனவரியில் காசியில் சம்பூர்ணானந்தின் சிலையை ஜெகஜீவன் ராம் திறந்துவைத்துவிட்டுப் போன பின், ஆதிக்கச் சாதி மாணவர்கள் அந்தச் சிலையைக் கங்கை நீரால் கழுவினார்கள். இந்தியாவின் முப்படைகளுக்கும் பொறுப்பான அமைச்சர் அவர். அவர் மாணவராக இருந்தபோது தட்டைக் கழுவ மறுத்த அதே ஊர், இப்போது அவர் கைபட்ட சிலையைக் கழுவியது.

1979 ஜூலையில் மொரார்ஜி அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த சரண்சிங், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ஆகஸ்டில் விலகினார். ஜனதா கட்சித் தலைவராக ஆட்சி அமைக்க உரிமை கோரினார் ஜெகஜீவன் ராம். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி அவரை அழைக்காமல் மக்களவையைக் கலைத்தார். 1980 தேர்தலில் அவரைப் பிரதமர் வேட்பாளராக முன்னிறுத்திய ஜனதா பெற்றது 31 இடங்கள். காங்கிரஸ் பெற்றது 353. வடக்கே தலித் வாக்கும் பெருமளவில் பழைய பக்கமே திரும்பிவிட்டது. யானை மீது வந்தவரை அது நினைவில் வைத்திருந்தது.

மீதி இருக்கும் கேள்வி

அதன்பின் அவர் ஜனதாவிலிருந்து விலகி, சொந்தமாக ஒரு காங்கிரஸ் நடத்தினார். 1952 முதல் 1984 வரை நடந்த எட்டு மக்களவைத் தேர்தல்களிலும் அவர் தோற்கவே இல்லை. கட்சி மாறியபோதும் சசாராம் மக்கள் அவரைக் கைவிடவில்லை. 1986 ஜூலை 6 அன்று காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1985-ல் பிஜ்னோர் இடைத்தேர்தலில் அவர் மகள் மீரா குமார் காங்கிரஸ் வேட்பாளராக வென்றிருந்தார். தந்தை விட்டு வந்த கட்சி அது. அந்தத் தேர்தலில் தோற்றவர்களில் மாயாவதியும் ஒருவர். பெரிய கட்சிகளுக்குள் நிற்கும் தலித் தலைவர்களைக் கடுமையாகச் சாடிவந்த கன்ஷிராம், அதற்கு முந்தைய ஆண்டுதான் பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்கியிருந்தார்.

ஜெகஜீவன் ராம் காங்கிரசில் இருந்ததையோ, அதை விட்டு வந்ததையோ வைத்து மட்டும் அவரை அளக்க முடியாது என்று நாம் நினைக்கிறோம். 1937-ல் அவர் கட்சிப் பக்கம் போனது பழக்கத்தால் அல்ல. 14 பேரைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த பதவியை எடைபோட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது. அதே எடைபோடலை 1975-ல் செய்யத் தவறினார். 1977-ல் மறுபடி செய்தார். இரண்டாவது முறை 40 ஆண்டு தாமதமா, 19 மாதத் தாமதமா என்று கேட்கலாம். ஆனால் 68 வயதில், அமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டே அதைச் செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவர் கொடுத்த பற்றுக்கு ஈடாக இரண்டு பக்கமும் என்ன திருப்பிக் கொடுத்தன என்ற கணக்கு தனி. துறைகள் கிடைத்தன. சட்டங்கள் கிடைத்தன. முதல் நாற்காலி மட்டும் கிடைக்கவில்லை. பெல்ச்சியில் செத்தவர்களுக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்கவில்லை.

அடுத்த தேர்தலில் முதல்முறை வாக்களிக்கப் போகும் மாணவர்கள், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நம் குடும்பம் இந்தக் கட்சிக்கு வந்தது எந்தத் தேர்தலில், எதற்காக? அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருந்தால், தயங்காமல் அதே சின்னத்துக்குப் போடலாம். இல்லையென்றால், புதிதாக யோசிக்க வேண்டிய பொறுப்பு இப்போது உங்களுடையது.