கர்னல் லாம்டனும் நூறடிச் சங்கிலியும்

சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேட்டிலிருந்து மேற்கே இரண்டொரு காதம் செல்வோமாயின் 78ஆம் பாகைத் தீர்க்கரேகையைக் கடப்போம். காதம் என்றோம், அஃது ஏழு மைல் என்பாரும் பத்து மைல் என்பாரும் உளர். இவ்வாறு கோலும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறி வழங்கிய நாட்டிலே, ஓர் அடி எவ்விடத்தும் ஓர் அடியாகவே நிற்றல் வேண்டுமென்று தம் வாழ்நாளைச் செலவிட்டார் ஒருவர். அத்தீர்க்கரேகையை ஒட்டியே நாட்டை அளந்து சென்ற அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் 1753ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த லாம்டன், 33ஆம் படைப்பிரிவில் சேர்ந்து 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் கலந்துகொண்டார். அவர் மனம் போரிலன்றிப் பூமியின் வடிவத்திலேயே தங்கியிருந்தது. பிரெஞ்சு நாட்டார் பூமியின் சுற்றளவினின்றே மீட்டர் என்னும் புதிய அளவைப் பெற விரும்பி, டன்கர்க் முதல் பார்சிலோனா வரை அளந்து முடித்திருந்த காலம் அது. நிலநடுக்கோட்டிற்கு அண்மையிலும் ஒரு வில் அளந்தாலன்றிப் பூமியின் தட்டை வடிவம் நன்கு விளங்காது என்பது லாம்டனின் கருத்து.

அவர் கைக்கு வந்த நூறடி எஃகுச் சங்கிலி சீனச் சக்கரவர்த்திக்கென அனுப்பப்பட்டு, அவரால் ஏற்கப்படாது கல்கத்தா சேர்ந்தது. அரை டன் நிறையுள்ள பெரிய கோணமானியோ வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மொரீஷியஸ் தீவிலிருந்து மீண்டது. பகைவரும் கல்விக்கருவியை மதித்துத் திருப்பிவிட்ட செயல் நம் நெஞ்சைக் கவர்கின்றது.

1802 ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சங்கிலியை 400 முறை வைத்தெடுத்தல் வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளுமன்றோ? வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அந்நூறடி, அங்குலத்தின் நூற்றிலொரு பங்கினும் குறைவாகவே நீளும். ஆயினும் இருபது பாகை உயர்வைக் கணக்கில் கொள்ளாது விடின், 400 முறையில் பிழை ஐந்து அடியாகிவிடும்! ஆதலின் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்தால் நிழல் செய்து, வெப்பமானி வைத்துப் பார்த்தே அளந்தார். தேய்வைக் கண்டறிய மற்றொரு சங்கிலியைத் தொழிலுக்கு எடாமல், ஒப்புநோக்குவதற்கென்றே காத்து வைத்தார். நம் எண்ணத்தில், தொழில் செய்த சங்கிலியினும் பெட்டியில் உறங்கிய சங்கிலியே பெருமையுடையது.

1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, அது சுவரில் மோதிச் சிதைந்தது. பிறர் கைவிட்டிருப்பர். லாம்டன் கூடாரத்தினுள் புகுந்து, ஆறு வாரம் வளைந்த வட்டத்தை மெல்ல மெல்ல இழுத்துச் செம்மை செய்து வெளிவந்தார்.

குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய பத்துப் பாகை தூரம் அளந்த அவர், 1823 ஜனவரி 20இல், பணியின் இடையே, ஹிங்கன்காட் என்னுமிடத்தில் உயிர் நீத்தார். அளவை அவருடைய உதவியாளராயிருந்த எவரெஸ்ட் கைக்கு மாறிற்று. மாணாக்கர் பெயர் உலகின் மிகவுயர்ந்த மலைக்குச் சூட்டப்பட்டது. ஆசிரியர் கல்லறையோ அவ்வூரிலேயே உள்ளது. அவர் அடியால் அளந்த நாடு, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டரைத் தன் அளவாக ஏற்றுக்கொண்டது.